வாசிக்க ஒருவர், சரிபார்க்க ஒருவர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுவது. நலமா என்று நீங்கள் கேட்கவில்லை. அதுவும் நல்லதுதான், கேட்டிருந்தால் நான் பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்கள் செய்தி கைபேசியில் வந்தது. "என்ன உதவி வேண்டுமானாலும் தயங்காமல் சொல்லுங்கள் அத்தை" என்று எழுதியிருந்தீர்கள். அதற்குக் கட்டைவிரலால் பதில் தட்டி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நான் படித்த கான்வென்டில், ஓரக்கோடு போடாத தாளை சிஸ்டர் தொடக்கூட மாட்டார். துக்கத்தை எழுதினாலும் ஓரக்கோடு போட்டுத்தான் எழுத வேண்டும் என்று வளர்ந்தவள் நான். உங்களிடம் கேட்பதற்கு ஒரே ஒரு காரியம் இருக்கிறது. என் மகளுடைய கடைசி வரிப் படிவம் பற்றியது. எடுத்த எடுப்பிலேயே கேட்டால் கையேந்துவது போல இருக்கும். ஆகையால் முதலில் மற்ற விவரங்களை எழுதுகிறேன்.

பூக்கள் வந்து சேர்ந்தன. கடைக்காரர்கள் அச்சடித்து வைத்த அட்டையில் அவள் பெயரில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. பேனாவை எடுத்து அதைச் சேர்த்துவிட்டு, பிறகுதான் அட்டையை அவள் அருகில் வைத்தேன். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தொலைபேசியில் சொல்லும்போது அங்கே யாரோ கேட்டு எழுதியிருப்பார்கள். வரித் தாக்கல் காலத்தில் விடுப்புக் கிடைக்காது என்று நீங்கள் சொன்னதையும் நான் நம்புகிறேன். நீங்களும் அதே தொழிலில் இருப்பவர். கெடு தேதி என்றால் என்ன என்று இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அலுவலகம் திறந்திருக்கிறது. முதலில் அதைச் சொல்ல வேண்டும். நம் வீட்டு முன்னறையில் நீங்கள் கையால் பூசிய சுவர் அப்படியேதான் இருக்கிறது. ஜன்னல் கண்ணாடியில் நீங்கள் தெறித்துவிட்ட சுண்ணாம்புப் புள்ளிகளை அவள் சுரண்டவே விடவில்லை. நான் பிளேடும் கையுமாக நின்றபோது, "அது இருக்கட்டும்மா, அவரே வந்து சுரண்டட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அச்சு இயந்திரம் இன்னும் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்தால்தான் தாளை வெளியே விடுகிறது. வாசலில் உங்கள் இருவர் பெயரும் போட்ட பலகை இருக்கிறது. உங்கள் பெயர் மேலே, அவள் பெயர் கீழே. இரண்டுக்கும் ஒரே அளவு எழுத்து வேண்டும் என்று நீங்கள் ஓவியரிடம் சண்டை பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

முதல் போடுவதற்கு ஓராண்டு வெளியூரில் வேலை பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் நீங்கள் போனீர்கள். பலகையில் வண்ணம் காய்ந்திருந்தது, ஆனால் வாசனை போகவில்லை. அவளும் பெரிய நிறுவனத்து வேலையை அதற்குள் விட்டிருந்தாள். அவளுடைய மேலாளர், "போயிட்டு வாம்மா. உன் நாற்காலிய யாருக்கும் குடுக்க மாட்டேன், சீக்கிரம் திரும்பி வந்துடுவே" என்று சிரித்தபடி சொல்லி அனுப்பினார். அவள் வீட்டுக்கு வந்து அந்தச் சிரிப்பை எனக்கு நடித்துக் காட்டினாள். அன்று இரவு சாப்பாட்டில் உப்பு இல்லை. இருவரும் அப்படியே சாப்பிட்டு எழுந்தோம்.

நீங்கள் வரும்வரை பூட்டியே வைக்கலாம் என்று நான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "பூட்டுனா துரு பிடிக்கும்மா. அவர் வரும்போது ஓடிட்டிருக்கற கடைக்குள்ள வரட்டும்" என்றாள். தனியாகத் திறந்தாள்.

முதலில் வந்தவர் பக்கத்துக் கடைத் தையல்காரம்மா. ரசீதுகளை ஒரு ரவிக்கைத் துணியில் முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஊசி, நூல், வாடகை, மின்கட்டணம் எல்லாம் ஒரே முடிச்சில். "அக்கா, இதுல எது உள்ள வரும், எது வெளிய போகும்னு எனக்குத் தெரியாது. நீங்களே வெட்டித் தச்சுக் குடுத்துடுங்க" என்றார். என் மகள் தரையில் உட்கார்ந்து, கோலிக்குண்டு பிரிப்பது போல ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. என் வரவேற்பறையில் தெரியாதவர்கள் பையும் மூட்டையுமாக வந்து உட்காருவதை நான் வாழ்நாளில் அனுமதித்ததில்லை. ஆனால் எழுந்து போகும்போது அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மருத்துவரிடமிருந்து நல்ல சேதி வாங்கிக்கொண்டு போகிறவரின் முகம் அது. அடுத்த நாளிலிருந்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பிறகு டாக்சி ஓட்டுபவர்கள் வந்தார்கள், முடிதிருத்துபவர் வந்தார், பள்ளி ஆசிரியைகள் வந்தார்கள். எல்லோருக்கும் அவள் வரியக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் வரியக்காதான்.

எல்லோரும் பலகையைப் பார்த்துவிட்டு, "சார் எங்கக்கா?" என்று கேட்பார்கள். "வேலையா வெளியூர் போயிருக்காரு, அடுத்த தாக்கலுக்கு வந்துடுவாரு" என்பாள். அடுத்த தாக்கலும் வரும். அவர்களும் கேட்பார்கள், அவளும் அதையே சொல்வாள். முடிதிருத்துபவர் ஒருமுறை, "சாருக்கு முடி ரொம்ப வளந்திருக்குமே" என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் போன பிறகு உள்ளே வந்து, சமையலறையில் காரணமில்லாமல் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

நேற்று இங்கே நிறுத்தினேன். ஆட்கள் வந்துவிட்டார்கள். இன்று தொடர்கிறேன்.

ரொட்டிக்கடைக்காரரைப் பற்றி அவள் உங்களிடம் சொன்னாளா என்று தெரியவில்லை. சொல்லியிருக்க மாட்டாள். தன் தவறுகளை அவள் உங்களிடம் சொல்வதில்லை. நீங்கள் கவலைப்பட்டு, வேலையை விட்டுவிடச் சொல்வீர்கள் என்று நினைத்தாள்.

அந்த மனிதரின் தகப்பனார் அந்த ஆண்டில் காலமாகியிருந்தார். இறந்தவரின் கடைசிப் படிவத்தை வாரிசு தாக்கல் செய்ய வேண்டும் அல்லவா? தகப்பனாருடையதையும் மகனுடையதையும் ஒரே மதியத்தில் அவள் செய்துகொண்டிருந்தாள். ஒரே குடும்பப் பெயர், ஒரே முகவரி. அன்று நீங்கள் அழைப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். நடுவில் தொலைபேசி அடித்தது. எழுந்து ஓடினாள். கடன் அட்டை வேண்டுமா என்று யாரோ கேட்டார்களாம். திரும்பி வந்து உட்கார்ந்தவள், 'இறந்தவர்' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அனுப்பிவிட்டாள். அது மகனுடைய படிவம்.

சில வாரங்கள் கழித்து அந்த மனிதர் வாசலில் வந்து நின்றார். மேலெல்லாம் மாவு. மாவு மண்டியில் கார்டைத் தேய்த்தால் வேலை செய்யவில்லையாம். வங்கியில் கேட்டால் உங்கள் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, நீங்கள் காலமாகிவிட்டீர்கள் என்று சொன்னார்களாம்.

"வரியக்கா, நான் செத்துட்டேனாமே! என் பொண்டாட்டி கூட எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க!" என்றார்.

என் மகளுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "பரவால்லக்கா, பதறாதீங்க. காலைல நாலு மணிக்கு எந்திரிக்காம ஒரு நாள் படுத்துக் கெடக்கலாம்னு எனக்கும் ரொம்ப நாளா ஆசதான்" என்றார். அவரோடு வரி அலுவலகத்துக்கு அவளும் போனாள். ஒவ்வொரு ஜன்னலாக நின்றார்கள். உயிரோடு இருப்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்ட அலுவலரிடம் அவர் கையை நீட்டி, "கிள்ளிப் பாருங்க சார்" என்றாராம். கிள்ளுவது விதிகளில் இல்லை, சான்றிதழ் வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் மறுபடி உயிர் பெறுவதற்குள் அவள் இளைத்துவிட்டாள். அன்றிலிருந்து அவர் வாசலில் நின்று, "பேய் வந்திருக்கு, உள்ள வரலாமா?" என்றுதான் கேட்பார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு விதி வந்தது. இரண்டு பேர் வாசிக்காமல் எந்தப் படிவமும் வெளியே போகாது. கான்வென்டில் மதிப்பெண் பட்டியலை நாங்கள் அப்படித்தான் சரிபார்ப்போம். எழுதியவள் அதை வாசிக்கக் கூடாது. எழுதியவளின் கண்ணுக்குத் தான் எழுத நினைத்ததுதான் தெரியும், எழுதியது தெரியாது. ஆகவே வேறொருத்தி வாய்விட்டு வாசிக்க வேண்டும், எழுதியவள் அசல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். இதை நான்தான் அவளுக்குச் சொன்னேன். "அப்போ வாசிக்கறதுக்கு நீங்க வாங்கம்மா, உங்க உச்சரிப்புக்கு முன்னாடி எந்தத் தப்பும் நிக்காது" என்று என்னை இழுத்து உட்கார வைத்தாள்.

நான் திரையைப் பார்த்து வாசிப்பேன். பெயர், பிறந்த தேதி, முகவரி, மணமானவரா, வருமானம், கழிவு என்று ஒரு கட்டம் விடாமல் வாசிப்பேன். அவள் சிவப்புப் பென்சிலோடு தாளைப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் "ம்" என்பாள். "ம் என்பது பதில் ஆகாது. சரி என்று வாயைத் திறந்து சொல்" என்று நான் கண்டிப்பேன். அதற்கும் "ம்" என்பாள். எங்காவது பிசகினால் மட்டும், "நில்லுங்கம்மா" என்று வரும். அந்த "நில்லுங்கம்மா"வுக்காகத்தான் மாப்பிள்ளை, நாங்கள் அத்தனை "ம்"மையும் பொறுமையாகக் கடந்தோம். வாசிக்கும்போது நானும் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. அது அவள் பக்கத்தில் காலியாக இருக்கும். சாப்பாட்டு மேசையிலிருந்து ஒன்றை எடுத்து வந்து போட்டுக்கொள்வேன்.

இந்தத் தாக்கல் காலத்தில் கூட்டம் அதிகம். கெடு நெருங்க நெருங்க, வலப்பக்க வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டே தட்டச்சு செய்தாள். என்ன என்று கேட்டால் வாயு என்றாள். மருத்துவரிடம் போகலாம் என்றேன். "கெடு முடியட்டும்மா. இத்தனை பேர நடுத்தெருவுல விட்டுட்டா போறது?" என்றாள். நான் கண்டிப்பானவள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அந்த ஒரு காரியத்தில் என் கண்டிப்பு எங்கே போயிற்றோ தெரியவில்லை. குடல்வால் உள்ளேயே வெடித்துவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். நஞ்சு பரவிவிட்டது என்றார்கள். நேற்றே வந்திருந்தால் என்று ஒரு வாக்கியத்தைத் தொடங்கிய இளம் மருத்துவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதை முடிக்கவில்லை. நல்ல வளர்ப்பு.

நினைவு இருந்தவரை தொழிலைப் பற்றித்தான் பேசினாள். தையல்காரம்மாவின் வாடகை ரசீது வரவேண்டியிருக்கிறது என்றாள். "பேய்க்கு வாசிச்சாச்சா?" என்று கேட்டாள். வாசித்தாயிற்று என்றேன். பிறகு கண்ணை மூடியபடியே, "அவர் நாற்காலி கிறீச்னு சத்தம் போடுதும்மா. ரொம்ப நாளா யாரும் உக்காரல இல்ல? கொஞ்சம் எண்ணெய் விட்டு வைங்க" என்றாள். உங்களைப் பற்றி அவள் சொன்னது அவ்வளவுதான். அதைவிடப் பெரிதாக ஏதாவது சொன்னாள் என்று எழுதலாம். ஆனால் இல்லாததை எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

அவளைக் கொண்டுபோன அன்று ரொட்டிக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு வந்திருந்தார். வாசலில் வந்து நின்றார். எப்போதும் கேட்கும் கேள்வி வாய் வரை வந்து நின்றுவிட்டது. என்னருகில் தரையில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, அன்னைக்கு என்னைய மாதிரி இதுவும் யாரோ தப்பா டிக் போட்டதா இருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதது. நான் அழவில்லை. அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

ஒருவர்கூடத் தாள்களைத் திருப்பிக் கேட்கவில்லை. அவளுடைய பழைய மேலாளர் வந்தார். மீதியிருந்த படிவங்களில் தன் பதிவு எண்ணில் கையெழுத்துப் போட்டு அனுப்பித் தருகிறேன் என்று தாமாகவே சொன்னார். போகும்போது, "உண்மையாவே அந்த நாற்காலிய நான் யாருக்கும் குடுக்கலம்மா" என்றார். அவரைப் பற்றி நான் வைத்திருந்த அபிப்பிராயத்தை அந்த இடத்திலேயே மாற்றிக்கொண்டேன். மதிய வேளைகளில் தையல்காரம்மா கடையைச் சாத்திவிட்டு வந்து தாளைப் பிடித்துக்கொள்கிறார். நான் வாசிக்கிறேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று தெளிவாக, முழுதாகச் சொல்கிறார். இத்தனை ஆண்டுகளாக நான் கேட்ட பதில் அதுதான். இப்போது அதைக் கேட்டால் எனக்கு வாசிப்பது நின்றுபோகிறது.

இனி அந்த ஒரு காரியம்.

மற்றவர்களுடையது எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறது. அவளுடையது மட்டும் இருக்கிறது. இறந்தவரின் படிவத்துக்குக் கெடு தள்ளித்தான் வருகிறது. ஒரு தபால் போய்ச் சேரவும், ஓர் ஆள் வந்து சேரவும் போதுமான காலம் இருக்கிறது. சட்டப்படி நீங்களும் நானும் அவளுக்கு வாரிசுகள், இருவரும் கையெழுத்திட வேண்டும். இருந்த இடத்திலிருந்தே கணினி வழியாக நீங்கள் கையெழுத்திடலாம், வரவேண்டிய அவசியமே இல்லை என்று மேலாளர் சொல்கிறார். எங்கள் அலுவலகத்தில் இரண்டு பேர் வாசிக்காமல் எதுவும் வெளியே போகாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன். "நான் வந்து உக்காரட்டுமாம்மா?" என்று தையல்காரம்மா கேட்டார். வேண்டாம், இதற்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னது சரிதானா என்று தெரியவில்லை. சொல்லியாயிற்று.

படிவத்தை நானே தட்டச்சு செய்தேன். ஆகவே நான் அதை வாசிக்கக் கூடாது. அசல் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு நான் கேட்க வேண்டும், திரையைப் பார்த்து நீங்கள் வாசிக்க வேண்டும். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். இரண்டில் மட்டும் எனக்கு உறுதியில்லை. ஒன்று, மணமானவரா, பிரிந்து வாழ்கிறவரா என்று கேட்கும் கட்டம். அவள் ஒவ்வோர் ஆண்டும் அதில் எதைப் போட்டாள் என்று எனக்குத் தெரியும். நான்தானே வாசித்தேன். அதையே போட்டிருக்கிறேன். அது சரிதானா என்று நீங்கள் உங்கள் வாயால் வாசித்துச் சொல்ல வேண்டும்.

மற்றது எந்தக் கட்டம் என்று நான் எழுத வேண்டியதில்லை. சான்றிதழ் என் கையில் இருக்கிறது, தேதியும் முத்திரையும் தெளிவாக இருக்கின்றன. எழுதியவளின் கண்ணை நம்பக் கூடாது என்பது விதி. பள்ளி நாளிலிருந்து இன்றுவரை, என் எழுத்தில் பிழை இருக்கிறது என்று ஒருவர் சொல்ல நான் இடம் வைத்ததில்லை. இந்த ஒரு முறை, நீங்கள் வாசித்துக்கொண்டே வந்து அந்த இடத்தில் நிறுத்தி, "நில்லுங்க அத்தை, இது தப்பு" என்று சொன்னால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நான் உங்களை அழைக்கவில்லை, விதியைத்தான் சொன்னேன். பலகையை என்ன செய்வது என்று ஓவியர் வந்து கேட்டார். தூசி மட்டும் தட்டச் சொன்னேன். ஜன்னல் கண்ணாடியை நான் தொடவில்லை. நாற்காலிக்கு எண்ணெய் விட்டாயிற்று. இப்போது சத்தம் போடுவதில்லை.

எங்கிருந்தாலும் நீங்கள் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். அங்கே வேலை மும்முரத்தில் வயிற்றிலோ எங்கோ வலி என்று தோன்றினால், எந்தக் கெடுவுக்காகவும் காத்திருக்காதீர்கள் மாப்பிள்ளை. உடனே எழுந்து போங்கள். போகச் சொல்ல உங்கள் பக்கத்தில் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் இங்கிருந்து நான் சொல்கிறேன்.

ஆசிகளுடன்,
உங்கள் அத்தை